ஒரே ஃப்ரேமில் 5 சின்னப்பா: அனிமேஷன் இல்லாத காலத்தில் ஃபேன்டஸி ஹீரோவாக கலக்கிய புதுக்கோட்டைக்காரர்! யார் இந்த பி.யு.சின்னப்பா?

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதுதான். சாப்பாட்டுத் தட்டு ஒரு பக்கம், செல்போன் ஒரு பக்கம். திரையில் பறக்கும் குதிரை, பேசும் பாம்பு, வானத்தில் ஒரு அரண்மனை. 2025 ஜூலையில் தியேட்டருக்கு வந்த 'மகாவதார் நரசிம்மா' அனிமேஷன் படம் இரண்டே மாதத்துக்குள் ஓடிடிக்கு வந்து, இப்படித்தான் பல வீடுகளுக்குள் நுழைந்தது.

ஆனால், கம்ப்யூட்டரே இல்லாத 1944-லும் தமிழில் ஒரு குடும்ப ஃபேன்டஸி சாகசப் படம் வந்தது. தேவலோகம், நாகலோகம் என்று சுற்றிவரும் இளவரசன் கதை. அதில் ஒரே நடிகர், ஒரே காட்சியில், ஐந்து பேராக உட்கார்ந்து கச்சேரி செய்தார். படத்தின் பெயர் 'ஜெகதலப்பிரதாபன்'. அந்த நடிகர் புதுக்கோட்டைக்காரர். பெயர், பி.யு.சின்னப்பா.

35 வயதில் இறந்துபோன இந்த சூப்பர் ஸ்டார் யார்? அந்த மாயாஜாலத்தை எப்படிச் செய்திருப்பார்கள்? அவருடைய படங்களை இன்று வீட்டில் இருந்தபடி பார்க்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

நாடகக்காரர் வீட்டுப் பிள்ளை

பி.யு.சின்னப்பாவின் இயற்பெயர் சின்னசாமி. 1916 மே 5-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை, அம்மா மீனாட்சி அம்மாள். 'பி' என்றால் புதுக்கோட்டை, 'யு' என்றால் உலகநாதன். ஊரையும் அப்பாவையும் கடைசி வரை பெயரிலேயே சுமந்தவர்.

அப்பாவும் நாடக நடிகர்தான். அதனால் வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம். பள்ளிப் படிப்பு அதிகம் ஓடவில்லை. சின்ன வயதிலேயே மேடை ஏறிவிட்டார். பாட்டோடு சிலம்பம், குஸ்தி என்று உடம்பையும் பழக்கிக்கொண்டார். பிற்காலத்தில் அவரை மற்ற பாடும் நடிகர்களிடம் இருந்து தனியாகக் காட்டியது இந்த இரண்டும் சேர்ந்த கலவைதான்.

பாய்ஸ் கம்பெனி கொடுத்த பயிற்சி

அந்தக் காலத்தில் சிறுவர்களை மட்டுமே வைத்து நாடகம் போடும் குழுக்கள் இருந்தன. 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் கம்பெனியிலேயே. பெண் வேடத்தையும் பையன்களே போடுவார்கள். இன்றைய நடிப்புப் பள்ளி, ஹாஸ்டல், வேலை மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் எப்படியோ, அப்படி.

அதில் புகழ்பெற்றது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சின்னப்பா அங்கே சேர்ந்தார். சாதாரண வேடங்களில் ஆரம்பித்தவர், குரல் வளத்தால் 'ராஜபார்ட்' அளவுக்கு உயர்ந்தார். ராஜபார்ட் என்றால் நாடகத்தின் ஹீரோ. அதே கம்பெனியில் இருந்த இன்னும் இரண்டு பையன்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் எம்.ஜி.ஆர், இன்னொருவர் அவருடைய அண்ணன் எம்.ஜி.சக்ரபாணி.

பாய்ஸ் கம்பெனி நடிகர்களுக்கு ஒரு பெரிய பயம் உண்டு. 'மகரக்கட்டு'. பருவ வயதில் குரல் உடைவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். மைக் இல்லாத மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி உச்சஸ்தாயியில் பாட வேண்டும். குரல் உடைந்தால் ராஜபார்ட் போச்சு, சம்பளமும் போச்சு.

சின்னப்பாவுக்கும் அது நடந்தது. கம்பெனியை விட்டு வெளியே வந்தார். ஆனால் சும்மா இருக்கவில்லை. சங்கீதத்தை முறையாகக் கற்றார். உடற்பயிற்சியை விடவில்லை. உடைந்த குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சிறுவனின் கீச்சுக் குரல் போய், கனமான ஆண் குரலாகத் திரும்பியது.

சினிமா எடுத்தவுடன் கைகொடுத்ததா?

இல்லை. 1936-ல் ஜூபிடர் பிக்சர்ஸின் 'சந்திரகாந்தா' மூலம் சினிமாவுக்கு வந்தார். இயக்கியவர் ராஜா சாண்டோ. சின்னசாமி, 'சின்னப்பா' ஆனது இந்தக் காலத்தில்தான். படத்தில் அவர் ஏற்ற இளவரசன் வேடம் பேசப்பட்டது.

அடுத்து 'ராஜமோகன்', 'அனாதைப் பெண்', 'யயாதி', 'பஞ்சாப் கேசரி', 'மாத்ருபூமி' என்று படங்கள் வந்தன. ஆனால் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோகும் படம் அமையவில்லை. பக்கத்து ஊரான திருச்சியின் எம்.கே.தியாகராஜ பாகவதர் அப்போது தமிழ்நாட்டையே பாட்டால் கட்டிப்போட்டிருந்தார். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் சுமார் 50 கி.மீ. தூரம்தான். ஆனால் அந்த இரண்டு நடிகர்களுக்கும் இடையே அப்போது இருந்த தூரம் ரொம்பப் பெரியது.

அதை மாற்றியது 1940-ல் வந்த 'உத்தம புத்திரன்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, டி.ஆர்.சுந்தரம் இயக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடி மனிதன் கதையை ஒட்டியது. இரட்டைப் பிறவிகளில் ஒருவன் கொடுங்கோல் மன்னன், இன்னொருவன் நல்லவன். இரண்டுமே சின்னப்பா. தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடப் படம் என்று வரலாறு இதைத்தான் குறிக்கிறது. 1958-ல் சிவாஜி நடித்த 'உத்தம புத்திரன்' வந்தபோது, பழைய ரசிகர்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது சின்னப்பாதான்.

அதன்பிறகு ஏறுமுகம்தான். 1941-ல் 'ஆர்யமாலா'வில் காத்தவராயன். 1942-ல் 'கண்ணகி'யில் கோவலன். கண்ணகியாக பி.கண்ணாம்பா, வசனம் இளங்கோவன். அதே ஆண்டு 'மனோன்மணி', 'பிருதிவிராஜன்'. இந்த 'பிருதிவிராஜன்' அவருக்கு சொந்த வாழ்க்கையிலும் முக்கியமான படம். அதில் ஜோடியாக நடித்த ஏ.சகுந்தலாவை 1944-ல் திருமணம் செய்துகொண்டார்.

'ஜெகதலப்பிரதாபன்': என்ன கதை?

இனி அந்த ஃபேன்டஸி படத்துக்கு வருவோம். 1944-ல் கோவை பட்சிராஜா ஃபிலிம்ஸ் தயாரித்தது. இயக்கம் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு. பாட்டுக்கு பாபநாசம் சிவன், இசைக்கு ஜி.ராமநாதன். கூடவே என்.எஸ்.கிருஷ்ணன் - டி.ஏ.மதுரம் காமெடி.

கதை, பாட்டிமார் சொல்லும் ராஜா கதைதான். பிரதாபன் என்ற இளவரசன். என்ன ஆசை என்று அப்பா கேட்கிறார். இந்திரகுமாரி, நாககுமாரி, அக்னிகுமாரி, வருணகுமாரி என்று நான்கு லோகத்துப் பெண்களையும் மணந்து ராஜபோகமாக வாழ வேண்டும் என்று மகன் சொல்லிவிடுகிறான். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. இளவரசனின் உயிருக்கே ஆபத்து. ஊரை விட்டுக் கிளம்புகிறவன், மாயம் மந்திரம் எல்லாவற்றையும் கடந்து, சொன்னதைச் செய்து காட்டுகிறான்.

நான்கு மனைவி என்ற விஷயம் இன்றைய குடும்பத்துக்கு நெருடலாக இருக்கலாம். ஆனால் கதையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். வீட்டை விட்டு வெளியேறும் பையன், கூட ஒரு தோழன், விதவிதமான உலகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை. இன்று குழந்தைகள் பார்க்கும் பல அனிமேஷன் சாகசப் படங்களும் இதே பாதையில்தான் போகின்றன.

ஒரே ஃப்ரேமில் 5 பேர்: எப்படி சாத்தியம்?

படத்தின் ஹைலைட், கச்சேரி காட்சி. நடுவில் பாடுகிறவர் சின்னப்பா. பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் சின்னப்பா. மொத்தம் ஐந்து சின்னப்பா. 1944-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

இன்றைக்கு இது பெரிய விஷயமில்லை. கம்ப்யூட்டரில் ஒரு உருவத்தை நகல் எடுத்து, இடம் மாற்றி வைத்தால் முடிந்தது. அன்று அப்படி இல்லை. இந்த மாதிரி காட்சிகளுக்கு அப்போது இருந்த முக்கியமான வழி, 'மாஸ்க்' முறை.

முதலில் கேமராவை அசையாமல் நிறுத்திவிடுவார்கள். லென்ஸின் ஒரு பகுதியை மட்டும் திறந்துவைத்து, மீதியைக் கறுப்பு அட்டையால் மறைப்பார்கள். திறந்த பகுதிக்கு நேராக நடிகர் உட்கார்ந்து நடிப்பார். பிறகு அதே ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, முதலில் திறந்த பகுதியை மறைத்து, அடுத்த பகுதியைத் திறப்பார்கள். நடிகர் வேடம் மாற்றிக்கொண்டு அடுத்த இடத்தில் உட்காருவார். இப்படி எத்தனை உருவம் வேண்டுமோ, அத்தனை முறை.

கேமரா ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் போச்சு. வெளிச்சம் மாறினாலும் போச்சு. கடைசி உருவத்தை எடுக்கும்போது தப்பு நடந்தால், அதற்கு முன்பு எடுத்ததெல்லாம் சேர்ந்து வீண். எடுத்தது சரியா தப்பா என்று ஃபிலிமைக் கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இன்னொரு விஷயம். அது இரண்டாம் உலகப்போர் காலம். கச்சா ஃபிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. ஓட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரம்தான். ஒவ்வொரு அடி ஃபிலிமும் தங்கம் மாதிரி இருந்த நேரத்தில் எடுத்த ரிஸ்க் இது.

இதையெல்லாம் தாண்டி, நடிகரின் வேலை இருக்கிறது. பாடுகிறவர் தலையாட்டும் நேரத்தில் மிருதங்கக்காரர் சிரிக்க வேண்டும். ஆனால் எதிரில் யாரும் இல்லை, வெறும் காலி இடம். இல்லாத தன்னையே பார்த்து, தாளம் தப்பாமல் நடிக்க வேண்டும். பாய்ஸ் கம்பெனியில் தாளத்தோடு வளர்ந்தவருக்குத்தான் அது கைவரும்.

சிவாஜி, என்.டி.ஆருக்கு முன்பே!

இந்த ஐடியா அதோடு நிற்கவில்லை. 1961-ல் கே.வி.ரெட்டி இயக்கத்தில் என்.டி.ராமாராவ் நடித்த தெலுங்குப் படம் 'ஜகதேக வீருனி கதா'. அதிலும் ஒரே பாட்டில் பல என்.டி.ஆர். 1965-ல் ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்'. அதில் பாடுகிறவரும் வாசிக்கிறவர்களுமாகப் பல சிவாஜி. இந்தக் காட்சியை டிவியில் பார்க்காத தமிழ்க் குடும்பமே இருக்க முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. என்.டி.ஆருக்குக் குரல் கொடுத்தவர் கண்டசாலா. சிவாஜிக்குக் குரல் கொடுத்தவர் டி.எம்.சௌந்தரராஜன். சின்னப்பாவுக்கு சின்னப்பாவேதான்.

அப்போ 'ஹோம் ரிலீஸ்' எப்படி இருந்தது?

ஓடிடி இல்லை, டிவி இல்லை, வீடியோ கேசட்டும் இல்லை. அப்படியானால் படம் தியேட்டரோடு முடிந்துவிடுமா? அதுதான் இல்லை.

படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கையில் பாட்டுப் புத்தகம் இருக்கும். மெல்லிய தாளில் கதைச் சுருக்கமும் எல்லாப் பாட்டும் அச்சிட்டு, கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்பார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துப் பாடுவார்கள். வசதியான வீடு, டீக்கடை என்றால் கிராமபோன் இருக்கும். ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடும் 78 ஆர்பிஎம் இசைத்தட்டு. தியேட்டருக்கே போகாதவர்களுக்கும் சின்னப்பாவின் குரல் அப்படித்தான் பழக்கமானது.

படம் எடுபட்டதா என்பதற்கு அன்று இன்னொரு அளவுகோலும் இருந்தது. தெருவில் போகிற பையன் அந்தப் பாட்டைப் பாடுகிறானா இல்லையா என்பதுதான் அது.

மன்னரே தடை போட்டாரா?

சின்னப்பா பற்றி புதுக்கோட்டையில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. சினிமாவில் சம்பாதித்த பணத்தை எல்லாம் சொந்த ஊரில் வீடுகளாக வாங்கிக் குவித்தாராம். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் என்று சொல்வார்கள். ஒரு கட்டத்தில், இவர் இனிமேல் இங்கே வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே உத்தரவு போட்டது என்பதுவரை அந்தக் கதை போகும்.

அந்த உத்தரவு ஏன் சாத்தியமாகத் தெரிகிறது என்றால், புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். ராஜகோபால தொண்டைமான் கடைசி மன்னர். 1948 மார்ச் 3-ம் தேதிதான் அது இந்தியாவுடன் இணைந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974-ல்.

வீடுகளின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், அதன் பின்னால் இருக்கும் மனதைப் புரிந்துகொள்ளலாம். குரல் உடைந்தால் வேலை போகும் என்பதைப் பதின்ம வயதிலேயே பார்த்தவர் அவர். அடுத்தடுத்து படங்கள் வந்தும் உச்சம் தொட முடியாமல் தவித்தவர். சினிமா நிரந்தரமில்லை, செங்கலும் சுண்ணாம்பும் நிரந்தரம் என்று அப்படி ஒருவர் நினைத்தால் தப்பில்லையே.

உச்சத்தில் இருந்து 35 வயது மரணம் வரை

1944-ல் பாகவதரின் 'ஹரிதாஸ்' தீபாவளிக்கு வந்து சரித்திரம் படைத்தது. அதே ஆண்டு இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-ல்தான் விடுதலை. போட்டியாளர் இல்லாத களம் சின்னப்பாவுக்குக் கிடைத்தது. ஆனால் அதே 1944-ல் பெரிய எதிர்பார்ப்போடு வந்த 'மகாமாயா' எதிர்பார்த்த அளவு போகவில்லை. 'அர்த்தநாரி', 'விகடயோகி', 'பங்கஜவல்லி', 'துளசி ஜலந்தர்' என்று படங்கள் தொடர்ந்தன.

1949-ல் 'கிருஷ்ண பக்தி', 'மங்கையர்க்கரசி', 'ரத்னகுமார்' என்று மூன்று படங்கள். 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம். 'ரத்னகுமார்' படத்தில் துணை வேடத்தில் நடித்தவர், பாய்ஸ் கம்பெனி நண்பரான எம்.ஜி.ஆர்.

காலமும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1949-ல் 'வேலைக்காரி', 1950-ல் 'மந்திரி குமாரி' என்று பாட்டை விட வசனம் பேசப்படும் படங்கள் வரத் தொடங்கின. ஹீரோவே பாட வேண்டும் என்ற கட்டாயம் போய்க்கொண்டிருந்தது.

1951 செப்டம்பர் 23. புதுக்கோட்டையில் 'மணமகள்' படத்தை இரவுக் காட்சி பார்த்துவிட்டு வீடு திரும்பிய சின்னப்பா, ரத்த வாந்தி எடுத்து இறந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். வயது 35. மனைவியும் ஒரு மகனும் நின்றார்கள். அவர் நடித்த 'சுதர்சன்' அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது. ரசிகர்கள் இறந்துபோனவரைத் திரையில் பார்த்து அழுதுகொண்டே பாட்டைக் கேட்க வேண்டியிருந்தது.

அவருடைய எல்லாப் படமும் ஏன் கிடைப்பதில்லை?

1930-களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதியே இல்லை. காரணம், ஃபிலிம்தான். 1950-களின் தொடக்கம் வரை சினிமாவுக்குப் பயன்பட்டது நைட்ரேட் ஃபிலிம். சீக்கிரம் தீப்பிடிக்கும். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். நம்ம ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

அதோடு, ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை என்ற எண்ணமும் சேர்ந்தது. ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காகப் பழைய பிரதிகளை உருக்கிய காலம் அது. இந்திய தேசிய திரைப்படக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதே 1964-ல்தான். சின்னப்பா நடித்த 1936 முதல் 1951 வரையிலான காலம் முழுக்க நைட்ரேட் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அவர் போட்ட மாயாஜாலம் எல்லாம், காற்றில் கரையும் பொருளின் மேல் எழுதப்பட்டது.

அதில் தப்பிப் பிழைத்தவைதான் பிறகு வீடியோ கேசட்டாகவும், விசிடியாகவும், டிவியில் மதியப் படமாகவும், இப்போது யூடியூப் வீடியோவாகவும் வந்தன. 'ஜெகதலப்பிரதாபன்', 'கண்ணகி', 'மங்கையர்க்கரசி' எல்லாம் அப்படிக் கிடைப்பவை.

இதில் சட்டமும் ஒரு காரணம். இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் 1944 படம் எல்லையைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. அதனால்தான் இந்தக் காலத்துப் படங்களைப் பலரும் பதிவேற்றுகிறார்கள். ஆனால் காப்புரிமை முடிவதால் மட்டும் பிரதி பிழைக்காது. நல்ல பிரதி எங்காவது இருந்தால்தான் உண்டு.

முதல்முறை பார்ப்பவர்களுக்கு...

படத்தைப் போடும்போது சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோடு விழும், ஒலி கரகரக்கும், இடையில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். முதல் பத்து நிமிடம் குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். நேராகக் கச்சேரி காட்சிக்குப் போங்கள். ஐந்து பேரும் ஒரே ஆள் என்பதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

சின்னப்பா நம்பி வாங்கிய வீடுகளின் கணக்கு இன்று ஊர்க்கதையாக மட்டும் நிற்கிறது. நிற்காது என்று அவர் நினைத்திருக்கக்கூடிய சினிமாவில் மிச்சம் இருப்பது, உங்கள் கையில் இருக்கும் செல்போனில் ஓடுகிறது. கறுப்பு அட்டை, ஒரு கேமரா, அசையாத மூன்று கால் ஸ்டாண்ட். அதற்கு முன்னால் உட்கார்ந்து தனக்குத் தானே பக்கவாத்தியம் வாசித்த புதுக்கோட்டைக்காரர், 80 ஆண்டுகள் கழித்தும் தாளம் தப்பாமல் பாடிக்கொண்டிருக்கிறார்.